சலுகையில் ஓட்டை... நுழைவது சாமர்த்தியமா, குற்றமா?

ஆஃபர் அறிவிப்பில் இருக்கும் இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும் வாடிக்கையாளர் எதுவரை போகலாம்? சட்டம் ஒரு கோடு போடுகிறது. மனசாட்சி அதற்குக் கொஞ்சம் முன்பாகவே ஒரு கோடு போடுகிறது. கடைகளுக்கும் இந்தக் கோடுகள் பொருந்துமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1999-ம் ஆண்டு, டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சிவில் இன்ஜினீயர் ஓர் உணவுப் பாக்கெட்டின் மேல் இருந்த ஆஃபரை முழுதாகப் படித்தார். 'ஹெல்தி சாய்ஸ்' நிறுவனத்தின் எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, பத்து பார்கோடுகளை வெட்டி அனுப்பினால் 500 மைல் விமானப் பயணப் புள்ளிகள். மே மாதத்துக்குள் அனுப்பினால் அது 1,000 மைல். ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போன வரிகள்தான். ஃபிலிப்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதே நிறுவனத்தின் புட்டிங், மலிவு விலைக் கடை ஒன்றில் கப் 25 சென்ட். பத்து கப் இரண்டரை டாலர். அந்த இரண்டரை டாலருக்கு ஆயிரம் மைல்!

அந்தக் கடையின் கிளை கிளையாகப் போய் 12,150 கப் புட்டிங்கை வாங்கிக் குவித்தார். செலவு சுமார் 3,140 டாலர். இப்போது வேறு சிக்கல். அத்தனை கப்பிலிருந்தும் பார்கோடைக் கிழித்தெடுக்க வேண்டும், கெடு நெருங்குகிறது. 'சால்வேஷன் ஆர்மி' தொண்டு அமைப்பிடம் போனார். "புட்டிங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பார்கோடை மட்டும் கிழித்துக் கொடுங்கள்" என்றார். பசித்தவர்களுக்கு இனிப்பு கிடைத்தது. அவருக்குப் பார்கோடு கிடைத்தது. நன்கொடை கொடுத்ததற்காக 815 டாலர் வரிச் சலுகையும் கிடைத்தது. நிறுவனம் சொன்ன சொல் தவறாமல் 12.5 லட்சம் மைலை அவர் கணக்கில் வைத்தது. 2002-ல் வெளிவந்த 'பஞ்ச்-ட்ரங்க் லவ்' திரைப்படத்தின் நாயகன் புட்டிங் வாங்கிக் குவிப்பது இந்தச் சம்பவத்தை வைத்துத்தான்.

ஃபிலிப்ஸ் செய்தது சரியா? என் தீர்ப்பு, முழுக்கச் சரி. எந்தப் பொருளுக்கு எத்தனை மைல் என்று தீர்மானித்தது நிறுவனம். 'ஒருவருக்கு இவ்வளவுதான்' என்று உச்சவரம்பு வைக்காமல் விட்டதும் அதே நிறுவனம். ஒவ்வொரு கப்புக்கும் அவர் முழு விலை கொடுத்தார்; சாப்பிடும் பொருளைக் குப்பையில் கொட்டவில்லை. ஒரே ஓர் இடம் மட்டும் உறுத்துகிறது. இத்தனை புட்டிங் எதற்கு என்று கடையில் கேட்டவர்களிடம், 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் முடங்கிவிடும் என்ற பயத்தில் சேர்த்துவைப்பதாகச் சொல்லிச் சமாளித்தாராம். எதற்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் விளக்கம் சொல்லும் கட்டாயம் எந்த வாடிக்கையாளருக்கும் இல்லை. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை என்பது உண்மை. ஆனால், ஓட்டைக்குள் நுழைகிறவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் பொய்யில்தான்.

முதல் கணக்கு கடைக்காரருடையது

சலுகை என்பது தர்மம் அல்ல. இவ்வளவு பேர் வருவார்கள், அதில் இவ்வளவு பேர் கூப்பனைத் தொலைப்பார்கள், இவ்வளவு பேர் கெடு தேதியை மறப்பார்கள், கடைசியில் இத்தனை பேர்தான் பரிசு கேட்டு வந்து நிற்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் ஆஃபரே அறிவிக்கப்படுகிறது. வாடிக்கையாளரின் மறதியும் சோம்பலும் அந்தக் கணக்கில் லாபப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அப்படியிருக்க, மறக்காமலும் சோம்பாமலும் ஒருவர் வந்து நின்றால் அவரை 'ஓட்டையில் நுழைந்தவர்' என்று திட்டுவது நியாயமாகாது.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் ஹூவர் நிறுவனமே சாட்சி. வாக்குவம் கிளீனருக்கும் வாஷிங் மெஷினுக்கும் பேர்போன நிறுவனம். 1992-ல் விற்பனை மந்தமானபோது, 100 பவுண்டுக்கு மேல் பொருள் வாங்கினால் ஐரோப்பிய நகரங்களுக்கு இரண்டு பேர் போய்வர விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்தது. கூட்டம் வந்தது. ஆசை கூடியது. அடுத்து, அமெரிக்காவுக்கே டிக்கெட் என்றது. டிக்கெட்டின் விலை, பொருளின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். மக்கள் வீட்டுக்குத் தேவையே இல்லாத வாக்குவம் கிளீனரை வாங்கினார்கள். பெட்டியைப் பிரிக்காமலே பழைய பொருள் விலைக்கு விற்றார்கள். அவர்கள் வாங்கியது டிக்கெட்.

நிறுவனம் எதை நம்பி இதில் இறங்கியது? தான் வைத்த தடைகளை நம்பி! குறித்த நாளுக்குள் விண்ணப்பம் அனுப்ப வேண்டும், அதன் பிறகு இன்னொரு படிவம், அதில் விமான நிலையத்தையும் தேதியையும் மாற்றி மாற்றிக் குறிக்க வேண்டும், கேட்டது கிடைக்கவில்லையென்றால் நிறுவனம் சொல்லும் தேதி. இத்தனை வேலியையும் தாண்டி வருகிறவர்கள் சொற்பமாகத்தான் இருப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. வந்தவர்களோ லட்சக்கணக்கில். படிவங்கள் தேங்கின, பதில்கள் தாமதமாயின, ஏமாந்தவர்கள் சங்கம் அமைத்து நீதிமன்றம் போனார்கள். பழுது பார்க்க வந்த ஹூவர் ஊழியர், ஆஃபரை நம்பியவர்களை மட்டம் தட்டிப் பேசினார் என்பதற்காக வடமேற்கு இங்கிலாந்தில் ஒருவர் ஹூவர் வேனையே தன் வீட்டில் சிறைபிடித்துவைத்த கூத்தும் 1993-ல் நடந்தது. மொத்தச் செலவு சுமார் 5 கோடி பவுண்டு. உயர் அதிகாரிகளின் வேலை போனது. 1995-ல் ஹூவரின் ஐரோப்பியப் பிரிவு, இத்தாலியின் 'கேண்டி' நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

அந்த மக்கள் எந்த ஓட்டையையும் தேடிப் போகவில்லை. அறிவித்ததை அறிவித்தபடி கேட்டார்கள். ஓட்டையைத் தோண்டி, தப்பிக்கும் வழியாக வைத்திருந்தது நிறுவனம்தான். வாடிக்கையாளரின் நேர்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை மறக்கவே கூடாது.

விளம்பரம் எப்போது வாக்குறுதி ஆகும்?

'இதைச் செய்தால் இதைத் தருவேன்' என்று ஊரறிய அறிவித்துவிட்டுப் பின்வாங்க முடியாது என்பது 130 ஆண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கும் சட்டம். 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற மருந்துப் பந்தை விற்ற லண்டன் நிறுவனம், சொன்னபடி அதை மூக்கில் உறிஞ்சிய பிறகும் ஃப்ளூ காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. இந்த விஷயத்தில் தான் உறுதியாக இருப்பதைக் காட்ட 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் அறிவித்தது. கார்லில் என்ற பெண்மணி வாங்கி உறிஞ்சினார், காய்ச்சலும் வந்தது. "அது வெறும் விளம்பரம்" என்றது நிறுவனம். 1892-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விளம்பரம் கேட்டதை ஒருவர் செய்து முடித்துவிட்டால் அது ஒப்பந்தம் என்று தீர்ப்பு வந்தது. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பாடமே இன்றும் இந்த வழக்குதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 1996-ல் பெப்சி நிறுவனம் தன் புள்ளிகளைச் சேர்த்தால் டி-ஷர்ட், ஜாக்கெட் தருவதாக டி.வி-யில் விளம்பரம் செய்தது. விளம்பரத்தின் முடிவில் ஒரு சிறுவன் ஹாரியர் போர் விமானத்தில் பள்ளிக்கு வந்து இறங்குவான். '70 லட்சம் புள்ளி' என்று திரையில் வரும். குறையும் புள்ளிகளை 10 சென்ட் வீதம் பணம் கொடுத்து வாங்கலாம் என்று விதியில் இருந்தது. ஜான் லியோனார்ட் என்ற இளைஞர் நண்பர்களிடமும் முதலீட்டாளர்களிடமும் பணம் திரட்டி, ஏழு லட்சம் டாலருக்குச் செக் அனுப்பி விமானத்தைக் கேட்டார். 1999-ல் நியூயார்க் நீதிமன்றம், புத்தியுள்ள எவரும் அதை விளையாட்டு என்றுதான் புரிந்துகொள்வார் என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. எழுத்தில் இருப்பது மட்டும் போதாது, நியாயமான ஒரு மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதும் கணக்கில் வரும்.

கடை ரேக்கில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு இன்னொரு வகை. அது 'வாங்க வாருங்கள்' என்ற அழைப்பு மட்டுமே என்பது 1953-ல் பிரிட்டனின் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் வந்த தீர்ப்பு. பொருளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போகும் நீங்கள்தான் வாங்குகிறேன் என்று முன்வருகிறீர்கள். கடைக்காரர் ஏற்கும்போதுதான் வியாபாரம் முடிகிறது. அதனால் சீட்டில் விலை தவறாக இருந்தால், பில் போடும் முன் திருத்திக்கொள்ள அவருக்கு வழி இருக்கிறது. பில் போட்டுப் பணமும் வாங்கிவிட்டால் கதை வேறு.

190 ரூபாய் லேப்டாப், 66 டாலர் பிரின்டர்

அறிவித்த ஆஃபரின் கதை அப்படி. அறிவிக்க நினைக்காமலே கைதவறி வெளியான விலைக்கு என்ன வழி? ஒரே மாதிரியான இரண்டு வழக்குகள், இரண்டு விதமான தீர்ப்புகள்.

2014 டிசம்பரில் ஒடிஷாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவர், அமேசான் தளத்தில் 23,499 ரூபாய் லேப்டாப் 23,309 ரூபாய் தள்ளுபடியில் 190 ரூபாய்க்குக் கிடைப்பதைப் பார்த்து ஆர்டர் செய்தார். உறுதி செய்து தகவலும் வந்தது. சிறிது நேரத்தில், விலையில் கோளாறு என்று ஆர்டர் ரத்தானது. மாணவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தாங்கள் வெறும் சந்தை மேடைதான், ஒப்பந்தம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில்தான் என்று வாதிட்டுப் பார்த்தது அமேசான். ஒடிஷா மாநில நுகர்வோர் ஆணையம் ஏற்கவில்லை. ஆஃபர் அறிவித்து, ஆர்டர் வாங்கி, அதை உறுதியும் செய்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று கூறி, வழக்குச் செலவுடன் சேர்த்து 45,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

இன்னொன்று சிங்கப்பூர். 2003 ஜனவரியில் ஓர் இணையக் கடையில், பயிற்சிக்காகப் போட்டுப்பார்த்த '66' என்ற எண் தவறுதலாக வெளியாகி, 3,854 டாலர் பிரின்டரின் விலை 66 டாலர் என்று காட்டியது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நண்பர்களுக்குள் செய்தி பறந்தது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரின்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். தானியங்கி முறையில் உறுதிக் கடிதமும் வந்தது. கடை கொடுக்க மறுத்தது. ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். அவர்கள் அந்த இரவில் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளே அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. விலை தவறு என்று தெரிந்தே பாய்ந்திருக்கிறார்கள் என்று 2004-ல் நீதிபதி வி.கே.ராஜா முடிவு செய்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. எதிராளி தவறு செய்கிறார் என்று தெரிந்தே அதைக் கவ்விக்கொள்கிறவருக்கு ஒப்பந்தச் சட்டம் துணை நிற்காது.

நம் நாட்டின் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 22-ல், ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் ரத்தாகாது என்கிறது. வாடிக்கையாளருக்குச் சாதகமான வரி. அதேசமயம், மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'நுகர்வோர்' ஆகவே மாட்டார். தனக்கு ஒரு லேப்டாப் கேட்ட மாணவருக்கு ஆணையத்தின் கதவு திறக்கும். ஆயிரம் பிரின்டர் கேட்கிறவருக்கு அந்தக் கதவே கிடையாது.

எனக்கும் இந்த வித்தியாசம் சரியென்றே படுகிறது. 190 ரூபாய்க்கு லேப்டாப் கிடைக்கும் என்று ஒருவர் நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ரூபாய்க்கு செல்போன் என்று பெரிய நிறுவனங்களே திருவிழாக் கால விளம்பரம் செய்த நாடு இது. ஐந்து பைசா நாணயம் கொண்டுவந்தால் பிரியாணி என்று நம்மூர்க் கடைகளே அறிவித்து, தெருவை அடைத்துக் கூட்டம் நின்றதையும் பார்த்திருக்கிறோம். நம்ப முடியாத விலையை நம்பச் சொல்லிப் பழக்கிவிட்டு, நம்பியவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல நிறுவனங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் அள்ளப் பார்க்கிறவர் அதை ஆஃபர் என்று நம்பவில்லை. நிஜமான ஆஃபர் நாளைக்கும் இருக்கும். கடைக்காரர் கண் விழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமே, தவறு என்று தெரிந்திருந்ததற்கு அத்தாட்சி.

பொய் நுழைந்தால் வழக்கு நுழையும்

இதுவரை பார்த்ததெல்லாம் சிவில் வழக்கு. பொருள் கிடைக்குமா, கிடைக்காதா என்பதோடு முடிந்துவிடும். நடுவில் ஒரு பொய் வந்துவிட்டால் ஜெயில் வாசல் தெரிய ஆரம்பிக்கும்.

சீனாவில் 2018-ல் ஒரு கல்லூரி மாணவர், கே.எஃப்.சி. ஆப்பில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தார். ஒரு கூப்பனை ஒரு பக்கம் ஆர்டருக்குப் பயன்படுத்திக்கொண்டே, இன்னொரு பக்கம் அதை ரத்து செய்து பணம் திரும்பப் பெற முடிந்தது. தான் சாப்பிட்டதோடு நிற்காமல் அந்தச் சாப்பாட்டைக் குறைந்த விலைக்கு விற்றார். நண்பர்களுக்கும் வழி சொல்லிக் கொடுத்தார். நிறுவனத்துக்கு மொத்த இழப்பு 2 லட்சம் யுவானுக்கு மேல். ஷாங்காய் நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. "கதவு திறந்திருந்தது" என்ற வாதம் எடுபடவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சில் ஒரு பெண், கம்ப்யூட்டரில் அச்சு அசலாகப் போலி கூப்பன்கள் தயாரித்து ஒரு கூட்டத்துக்கே விநியோகித்தார். கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 3.1 கோடி டாலருக்கு மேல் இழப்பு. 2021-ல் அவருக்கு 12 ஆண்டு சிறை. இந்தியாவில் 2019-ல், பேடிஎம் நிறுவனம் தன் கேஷ்பேக்கில் சுமார் 10 கோடி ரூபாய் மோசடியைக் கண்டறிந்து நூற்றுக்கணக்கான வியாபாரிகளை நீக்கியது.

அன்றாடம் நடப்பவை சின்ன அளவில் இருப்பதால் குற்றமாகத் தோன்றுவதில்லை. 'புதிய வாடிக்கையாளருக்கு மட்டும்' என்ற தள்ளுபடிக்காகப் பத்து சிம் கார்டில் பத்துப் பெயர். ரெஃபரல் பணத்துக்காக இல்லாத நண்பர்களைச் சேர்ப்பது. டேக்கைக் கிழிக்காமல் கல்யாணத்துக்குப் புடவை கட்டிவிட்டு, 'கலர் பிடிக்கவில்லை' என்று மறுநாள் ரிட்டர்ன் செய்வது. உள்ளே பழைய போனை வைத்துப் பார்சலைத் திருப்பி அனுப்புவது. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிப் பொருளோ பணமோ வாங்குவது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு இதை ஏமாற்றுதல் என்கிறது. ஏமாற்றிப் பொருளைப் பெற்றால் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வேறொருவர்போல ஆன்லைனில் நடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்று ஆண்டு வரை. தள்ளுபடி 100 ரூபாய்தானே என்பது வழக்கின் அளவைக் குறைக்கலாம். செயலின் பெயரை மாற்றாது.

நம் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு பில்லுக்கு ஒரு கிலோ சர்க்கரை பாதி விலை' என்று போர்டு. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நான்கு பேரும் தனித்தனி பில் போட்டு நான்கு கிலோ வாங்குகிறார்கள். இதில் தப்பே இல்லை. 'ஒரு பில்லுக்கு' என்று எழுதியது கடை, அதை அப்படியே மதித்திருக்கிறார்கள். போர்டில் 'ஒரு குடும்பத்துக்கு' என்றிருந்து, பில் போடும் பெண் கேட்கும்போது "இவங்க யாருன்னே தெரியாது" என்று சொன்னால், அது பொய். சர்க்கரையும் அதேதான், விலையும் அதேதான். இரண்டாவது முறை வாங்கியபோது, பிள்ளைகள் முன்னிலையில் ஒரு பொய்யை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

நஷ்டம் யார் தலையில்?

சட்டம் கேட்காத ஒரு கேள்வியை மனசாட்சி கேட்கும். இந்த நஷ்டம் கடைசியில் யார் தலையில் விழுகிறது?

2019 நவம்பரில் சீனாவில் ஒரு சிறு பழக்கடை, தாவோபாவ் தளத்தில் ஆரஞ்சு விற்றது. 26 யுவானுக்கு 4,500 கிராம் என்று போட வேண்டிய இடத்தில், அந்த நாட்டு எடை அளவான 'ஜின்' என்று போட்டுவிட்டார்கள். ஒரு ஜின் அரை கிலோ. ஆக, நாலரை கிலோ பழத்துக்கான விலையில் இரண்டேகால் டன்! வீடியோ போட்டுப் பிரபலமான ஒருவர் இதைக் கண்டுபிடித்து, தன்னைப் பின்தொடர்கிறவர்களிடம் ஆர்டர் போடச் சொன்னார். அத்தனை டன் ஆரஞ்சு வீட்டுக்கு வரும் என்று யாரும் நம்பவில்லை. அனுப்ப முடியாத கடைக்காரரிடமிருந்து நஷ்டஈடு கறப்பதுதான் திட்டம். ஒரே இரவில் ஆர்டர்கள் குவிந்து, கடையை மூட வேண்டிய நிலை. கடைக்காரர்கள் கெஞ்சி எழுதிய கடிதம் வெளியே வந்த பிறகு மக்களின் கோபம் திரும்பியது. தாவோபாவ் நிறுவனம் கடைக்கு உதவியது; அந்த வீடியோக்காரரின் கணக்கு முடக்கப்பட்டது.

அமேசானிடம் 190 ரூபாய் லேப்டாப்பைக் கேட்பதும், ஒரு சிறு பழக்கடையின் கழுத்தைப் பிடிப்பதும் ஒன்றல்ல. முன்னதில் வழக்கறிஞர் படையும் மென்பொருள் பொறியாளர்களும் வைத்திருக்கும் நிறுவனம் தன் பிழைக்கு விலை கொடுக்கிறது. பின்னதில் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிறோம்.

பெரிய கடை என்றால் நஷ்டம் முதலாளிக்குத்தானே என்று நினைப்பதும் எப்போதும் சரியல்ல. கணக்கு இடித்தால் பில்லிங் கவுன்டரில் நிற்கும் பெண்ணின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல கடைகளில் உண்டு. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண் அவர். 500 ரூபாய்க்குப் பதில் 50 ரூபாய் என்று அவர் கை தவறி அடித்த பில்லோடு, 'நமக்கு அதிர்ஷ்டம்' என்று வெளியே வருகிறவர் எடுத்துக்கொண்டு வந்தது அவருடைய கூலி. மனமறிந்து அதைச் செய்யக்கூடாது. "அம்மா, பில்லைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

கடைகளுக்கும் அதே கோடு

வாடிக்கையாளருக்கு இவ்வளவு சொல்லிவிட்டுக் கடைகளை விட்டுவிட முடியாது. ஆடி மாதம் துணிக்கடை வாசலில் தொங்கும் '50%' ஆள் உயரத்துக்கு இருக்கும். பக்கத்தில் 'வரை' என்பது கடுகு அளவில் இருக்கும். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரி நட்சத்திரக் குறிக்குள் பதுங்கியிருக்கும். விலையை ஏற்றி ஒட்டிவிட்டு, அதிலிருந்து தள்ளுபடி கொடுப்பார்கள். முதல் பத்துப் பேருக்கு மட்டும் ஸ்டாக் வைத்துக்கொண்டு ஊரையே கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் செய்தால் இதற்குப் பெயர் ஓட்டையில் நுழைவது. கடை செய்தால் வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

சட்டம் விடவில்லை. தரும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பதும், விலையிலேயே அடக்கிவிட்டு 'இலவசம்' என்பதும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். 2022-ல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, தூண்டில் போட்டு அழைக்கும் விலையில் விற்கப் போதுமான சரக்கு இருக்க வேண்டும். நிபந்தனை வரிகள், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். 2023-ல், இணையக் கடைகள் கையாளும் 13 வகைத் தந்திரங்கள் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டன. 'இன்னும் இரண்டே பீஸ்' என்று பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது, கடைசி நேரத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவது எல்லாம் அதில் அடக்கம்.

சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கிறவர்கள் போதவில்லை. 'போனால் போகட்டும்' என்று நாம் விடுவதை வைத்தே அடுத்த ஆஃபரின் கணக்கு போடப்படுகிறது.

வாசகர்கள் கவனத்துக்கு...

ஆஃபரில் வாங்கும் முன் போர்டையோ திரையையோ போட்டோ எடுத்து வையுங்கள். பில்லையும் உறுதிச் செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். சொன்னதைத் தர மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது; வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்; ஆன்லைனிலும் மனு போடலாம்.

உங்கள் பக்கத்துக் கணக்கைச் சரிபார்க்க மூன்று கேள்விகள் போதும். இதை வாங்க நான் ஏதாவது பொய் சொல்ல வேண்டியிருக்கிறதா? இது கடை மனமறிந்து கொடுத்த சலுகையா, கைதவறிப் போட்ட பிழையா? நான் எடுத்துக்கொள்வது யாருடைய கூலி? முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அது குற்றம், விட்டுவிடுங்கள். பிழை என்று தெரிந்தால், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஒன்று வாங்கி, தெரிந்தே அந்த விலைக்குக் கடை கொடுத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரண மனிதர் ஒருவரின் கூலி என்றால், சட்டம் அனுமதித்தாலும் தொடாதீர்கள்.

இந்த மூன்றிலும் தேறிவிட்டால் எந்தத் தயக்கமும் வேண்டாம். விதியை முழுதாகப் படித்து, கணக்குப் போட்டு, கேட்டு வாங்குங்கள். எழுதிய ஆஃபரை நிறைவேற்றுவது கடையின் கடன். எழுதாத பிழையைப் பணமாக்காமல் இருப்பது நம் கடன். இரண்டு பக்கமும் தன் கடனைச் செய்தால்தான் சந்தையில் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.